தோற்றவன் யாருக்குக் கடன்பட்டவன்?

"பெரிய ஆளா வந்திருக்க வேண்டியவன், வீணாப் போயிட்டான்." அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டி, மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ பதக்கம் வாங்கி, பிறகு ரிங் பக்கமே வராமல் போன பையன்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்கலாம். இந்தப் பேச்சில் வருத்தம் பாதி, குற்றச்சாட்டு பாதி. நமக்குத் தர வேண்டியதைத் தராமல் போய்விட்டான் என்ற மனக்குறை அதற்குள் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானதா? குத்துச்சண்டை வீரன் தன்னை ரசித்தவர்களுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறான், எதைக் கடன்படவில்லை?

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் போன்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மானத்துக்காக ஆடினார்கள். சென்னையின் மேற்குப் புறநகரோ தொழிற்சாலைகளோடு வளர்ந்தது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த குடும்பங்களுக்கு விளையாட்டு என்பது வேலைக்கான வழியும்கூட. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பித்தான் பல பையன்கள் விடியுமுன் மின்சார ரயில் ஏறிப் பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்கள் மீது இரண்டு விதமான எதிர்பார்ப்பு விழுகிறது. வீடு முட்டைக்கும் பாலுக்கும் ஷூவுக்கும் காசு போட்டு எதிர்பார்க்கிறது. தெரு கைதட்டி, ஃபிளெக்ஸ் வைத்து எதிர்பார்க்கிறது. அவன் தோற்றுத் திரும்பும்போது அதிகச் சத்தம் போடுவது பெரும்பாலும் தெருதான்.

ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1947 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜேக் லமோட்டா, பில்லி ஃபாக்ஸிடம் தோற்றார். வேண்டுமென்றேதான் தோற்றேன் என்று 1960இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். குத்துச்சண்டையைத் தன் கைக்குள் வைத்திருந்த சூதாட்டக் கும்பலுக்குப் பணியாமல் உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு கிடைக்காது என்ற நிலை. 1949இல் அந்தப் பட்டத்தை அவர் வென்றார். அவருடைய நெருக்கடியைப் புரிந்துகொள்ள முடியும். ஆனாலும் அன்று டிக்கெட் வாங்கியவர்களுக்கு, முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட நாடகம் ஒன்று உண்மையான ஆட்டம் என்று விற்கப்பட்டது. ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஏறுவதும் இதே வகை. ரிங்குக்குள் பொய் இருக்கக் கூடாது என்று கேட்பதற்கு ரசிகனுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த படி சிக்கலானது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை யாரிடமும் தோற்காத மைக் டைசனை வீழ்த்தினார். எட்டு மாதம் கழித்து, எவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 246 பவுண்டு எடையோடு வந்தார். டோக்கியோவில் இருந்ததைவிட ஏறக்குறைய 15 பவுண்டு அதிகம். மூன்றாவது ரவுண்டிலேயே எல்லாம் முடிந்தது. பெருந்தொகை வாங்கிக்கொண்டு தயாராகாமல் வந்தவர் என்று உலகம் ஏசியது. அந்த ஏச்சில் உண்மை இருக்கிறது. காசை வாங்கியவன் உழைப்பைத் தர வேண்டும். ஆனால் அவருடைய அம்மா டோக்கியோ ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். துக்கத்தை அடக்கிக்கொண்டு ஒருமுறை மலையைப் புரட்டிய மனிதனுக்கு, அதன் பிறகு உள்ளே என்ன மிஞ்சியிருந்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தயாராகாமல் வந்தது குற்றம் என்று சொல்லலாம். சோம்பேறி என்று அவர் மனதுக்குள் புகுந்து தீர்ப்பு எழுதுவதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லை.

இந்தியாவின் கணக்குக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் குர்சரண் சிங் காலிறுதிவரை போனார். அதை வென்றால் பதக்கம் உறுதி. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா அதுவரை ஒரு பதக்கமும் கண்டதில்லை. உக்ரைனின் ஆந்த்ரி ஃபெட்சுக்கை எதிர்த்துக் கடைசி நொடிகள்வரை முன்னிலையில் இருந்தார். முடிவில் 12க்கு 12 என்று சமமானது. நடுவர்கள் அழுத்திய பொத்தான்களை மறுபடி எண்ணி, ஃபெட்சுக் வென்றதாக அறிவித்தார்கள். இந்தியாவுக்கு அந்த முதல் பதக்கம் கிடைக்க, 2008இல் விஜேந்தர் சிங் பெய்ஜிங்கில் வெல்லும்வரை எட்டு ஆண்டுகள் ஆயின. குர்சரணின் அந்தத் தோல்வியில் துரோகத்தின் நிழல்கூட இல்லை. உடம்பில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தவர் அவர்.

ஆனால் பிறகு நடந்தது வேறு. ராணுவத்தில் இருந்த குர்சரண், இந்திய அணியோடு வெளிநாடு போனவர் திரும்பி வரவில்லை. அமெரிக்கா சென்று தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். வாழ்வைத் தேடிப் போன மனிதனைக் கண்டிப்பது எளிது. அவன் இடத்தில் நின்று பார்ப்பது கடினம். இருந்தாலும் இதில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறு யாருக்கு எதிரானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியவர்களுக்கு எதிரானதா? அவர்கள் இழந்தது ஒரு மாலைநேர மகிழ்ச்சி. எடைப்பிரிவுக்கு ஒருவர்தான் அணியில் போக முடியும் என்பது குத்துச்சண்டையின் விதி. ஒருவன் பெயர் பட்டியலில் ஏறினால், அதே எடையில் அவனுக்கு அடுத்தபடி நிற்பவன் வீட்டில் இருக்கிறான். தேர்வில் ஒரு புள்ளியில் தவறவிட்டவன், ஸ்பாரிங்கில் அவனுக்காக அடி வாங்கியவன், அந்த இரண்டாம் இடத்துக்காரன்தான் உண்மையில் பாதிக்கப்பட்டவன். ரசிகன் ஏமாந்தான் என்று ஊர் முழுக்கப் பேசுகிறோம். இவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இது ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நேராகப் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிய மறுமாதமே பயிற்சியை விட்டவன் வைத்திருப்பது, இன்னொருவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம். விடுதியில் இடம், வெளியூர்ப் போட்டிக்குச் சீட்டு, கோச்சின் நேரம் எல்லாமே அளவானவை. எடுத்துக்கொண்டவன் உழைக்க வேண்டும், முடியாவிட்டால் சொல்லிவிட்டு விலக வேண்டும். இந்தக் கடமை கறாரானது. அது உச்சத்தைத் தொட வேண்டிய கடமை அல்ல. முயன்று தோற்றவன் அதை முழுதாகத் தீர்த்தவன்.

'அப்படியானால் திறமைக்கே ஒரு பொறுப்பு கிடையாதா' என்று கேட்கலாம். கிடைத்த வரத்தை வீணடிப்பது தவறு என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். மணிப்பூரின் டிங்கோ சிங்கை நினைத்துப் பார்க்கலாம். அனாதை இல்லத்தில் வளர்ந்தவர், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். நாடே அவரிடம் ஒலிம்பிக் பதக்கத்தை எதிர்பார்த்தது. சிட்னியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். அவ்வளவு பெரிய வெற்றி அவருக்கு அதன் பிறகு வாய்க்கவில்லை. புற்றுநோயோடு போராடி 2021 ஜூனில், 42 வயதில் இறந்தார். பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் நிறைவேறாத வாழ்க்கை. ஆனால் அந்த ஒரு தங்கத்தைப் பார்த்துத்தான் மேரி கோம் ரிங்குக்கு வந்தார். ஒரு மனிதனின் திறமை எங்கே போய்ப் பலன் தரும் என்பதை அவன் ஆடும் காலத்திலேயே அளந்துவிட முடியாது. வீணாய்ப் போனது என்று நாம் எழுதும் கணக்கு பெரும்பாலும் அவசரக் கணக்கு.

இனி ரசிகனின் பக்கம். 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார், கூட்டம் அலைமோதியது. அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, 38 வயதில், லாரி ஹோம்ஸுக்கு எதிராக லாஸ் வேகாஸில் மறுபடி ஏறினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்கே ஸ்பாரிங் கொடுத்தவர். பத்து ரவுண்டு அலி அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் அது முடிந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் ஏறினார், மறுபடியும் தோற்றார். தலையில் தொடர்ந்து விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்று ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதியிருந்தார். தெரியாமல் நடந்ததல்ல. இன்னும் ஒரு ஆட்டம் வேண்டும் என்று உலகம் முழுவதும் கேட்டது, அதற்குக் காசு கொட்டியது. அன்று அலி ரசிகர்களைக் கைவிட்டார் என்று யாராவது சொன்னால், அது தலைகீழான பேச்சு. மகிழ்ச்சி நமக்கு, அடி அவருக்கு என்ற ஏற்பாட்டில் பாக்கி நம் பக்கம்தான்.

சங்கங்களின் பாக்கி இன்னும் பெரியது. தேர்தல் முறைகேட்டுப் புகாரில் 2012 டிசம்பரில் இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. நிலையான புதிய சம்மேளனம் அமைய 2016 ஆனது. நம் வீரர்கள் சொந்தக் கொடியின் கீழ் உலகப் போட்டியில் ஆட முடியாத நிலைகூட வந்தது. இருபது வயதில் இருந்தவனுக்கு அந்த நான்கு ஆண்டுகள்தான் அவன் காலம். அவர்களில் எத்தனை பேரை நாம் 'எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை' என்ற ஒரே வரியில் முடித்திருப்போம்!

ஆகவே வீரனிடம் கேட்க வேண்டியவை மூன்றே. ரிங்கில் பொய் சொல்லாதே. இடத்தை எடுத்துக்கொண்டால் உழை. முடியாதபோது அடுத்தவனுக்கு வழிவிடு. வெற்றியும் உச்சமும் இந்தப் பட்டியலில் இல்லை. உடம்பு போதும் என்று சொல்லும்போது நிறுத்திக்கொள்வது அவன் உரிமை. அதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் தெளிவானது. ஜெயித்தவனுக்கு மேடை போடும் ஊர், காயத்தோடு நின்றுபோனவனின் மருத்துவத்துக்கும், தேர்வில் இரண்டாவதாக வந்த பையனின் படிப்புக்கும் வேலைக்கும் அதே அக்கறையோடு கைகொடுக்க வேண்டும். உள்ளூர் கிளப்புகளும் தொழிற்சாலைகளும் நன்கொடை தருபவர்களும் நினைத்தால் இதை அடுத்த போட்டியிலிருந்தே தொடங்கலாம்.