மலரும் காலடியும்

அழகைக் காணும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், காணச் செல்வதாலேயே காணப்படும் பொருள் அழியுமாயின் அவ்வுரிமை எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும்? வகுப்பறையில் அமர்ந்து கேட்டால் இதற்கு விடை எளிதாகத் தோன்றும். மகாராட்டிர மாநிலத்துக் காஸ் பீடபூமியில் நின்று கேட்டால் அவ்வளவு எளிதன்று.

சத்தாரா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகின்மீது பரந்து கிடப்பது காஸ். கோடையில் அதனைக் காண்பவர் வெறும் பாறை என்றே எண்ணிக் கடந்து செல்வர். கருங்கல்லின்மேல் செம்பாறை, அதன்மேல் போர்த்தினாற்போல் மெல்லிய மண். அவ்வளவே. ஆனால், பருவமழை தணியத் தொடங்கும் ஆகஸ்டு இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை அப்பாறையே பூத்துவிடுகிறது. காசித்தும்பை இனத்தின் இளஞ்சிவப்பு நிலத்தை மூடும். சில நாளில் அவ்விடமே மஞ்சளாகும். அங்குள்ள பூக்கும் தாவரங்கள் 850 வகைக்கும் மேற்பட்டவை என்பர். குறிஞ்சிக்கு உறவான கார்வி வகையொன்று ஏழாண்டுக்கு ஒருமுறை மலர்கிறது. மண்ணில் சத்துக் குறைவாதலின் சில செடிகள் சிற்றுயிர்களைப் பிடித்து உண்டு வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றன் நீலச் சிறுமலருக்கு மராட்டியர் இட்ட பெயர் ‘சீதையின் கண்ணீர்’. உயிருண்ணும் செடிக்கு இத்துணை மென்மையான பெயரா? பெயரிட்டவர் மலரை மட்டுமே கண்டார் போலும்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்களை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோது காஸும் அவற்றுள் ஒன்றாயிற்று. புகழ் பரவப் பரவக் கூட்டமும் பெருகிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் எனப் பின்னர் வரம்பு கட்ட நேர்ந்தது. வந்தவர் எவரும் பகைவர் அல்லர். மலரை விரும்பியே வந்தனர். மலர்களின் நடுவே அமர்ந்து படமெடுக்க விரும்பியவரும் அவருள் இருந்தனர்.

இங்கேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகிறது. பாதையை விட்டு ஓரடி உள்ளே வைத்தவனை நிறுத்திக் கேட்டால், “என் ஒரு காலாலா இப்பீடபூமி அழியப்போகிறது?” என்பான். அவன் சொல்வது பொய்யன்று. அடுத்தவனும் அதையே சொல்வான், அதுவும் பொய்யன்று. இவ்வாறு மூவாயிரம் உண்மைகள் கூடி ஒரு நிலத்தை மிதித்துவிடுகின்றன. குற்றவாளி ஒருவனும் இலன். குற்றம் மட்டும் நிகழ்ந்துவிட்டது. அப்படியாயின் ஒவ்வொருவனிடத்தும் உள்ள தவறு யாது? தான் செய்வதைப் பிறரெல்லாம் செய்யக்கூடாது என உள்ளூர விரும்பிக்கொண்டே அதனைத் தான் செய்வதுதான். மற்றவர் மிதியாமல் விட்டதனாலன்றோ அவன் அமர்வதற்கு அங்கே மலர் இருந்தது! அச்செடிகளுட் பல ஓராண்டு வாழ்வின. விதை உதிருமுன் மிதிபட்டால் அழிவது அன்றைய மலர் மட்டுமன்று. அடுத்த ஆண்டு வருபவனின் மலருமாகும்.

முகர்ந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டி, முகம் வேறுபட்டு நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்றார் வள்ளுவர். காஸில் விருந்தினரே மலரை வாட்டுகின்றனர். விருந்தோம்புவான் கடமையை விரிவாகப் பேசிய தமிழ் மரபில், விருந்தினன் கடமையைப் பற்றிய பேச்சு குறைவு என்றே தோன்றுகிறது.

வேலி அமைத்தால் தீருமே எனலாம். அங்கே வேலியும் அமைத்துப் பார்த்தனர். அது மனிதக் காலைத் தடுத்தது. தலைமுறை தலைமுறையாக மேய்ந்துவந்த ஊர்க் கால்நடைகளையும் தடுத்தது. மாடு மேயாத இடத்தில் புல் ஓங்கிச் சிறு மலர்ச்செடிகளை அமுக்கும் என்றும், சாணமின்றி மண் மெலியும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. வேலி பின்னர் அகற்றப்பட்டது. ஆகவே, எந்தக் காலும் படலாகாது என்பதும் விடையன்று. கட்டணம் பெற்று வழிகாட்டுவோர் சுற்றுச் சிற்றூரார். வருகையை அடியோடு நிறுத்தினால் அவர்தம் வருவாயும் நிற்கும்.

ஆசிரியர் ஒருவர் மாணவர் நாற்பதின்மரை அங்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறார் என்று கொள்வோம். அழைத்துச் சென்றால் எண்பது கால்கள். செல்லாவிடின், அந்நாற்பதின்மருக்கும் காஸ் என்பது பாடநூலில் ஒரு சொல். காணாத ஒன்றைக் காக்க எவர் முன்வருவார்? அவர் அழைத்துச் செல்வதே முறை. ஆனால் புறப்படுமுன், பாதையின் ஓரத்தில் நின்று பார்ப்பதும் பார்த்தலே என்று அவர் கற்பித்திருக்க வேண்டும். மாணவருள் ஒருவன், “சற்றுத் தள்ளி இன்னும் அழகாக இருக்கிறதே, ஐயா” என்று கேட்பான். உண்மையிலேயே அங்கு அழகாகத்தான் இருக்கும். அதனை அவர் மறுக்கத் தேவையில்லை. அங்கே போகாமல் அவனோடு நின்றால் போதும்.

அக்டோபர் கழிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. புல் பழுத்து மடிகிறது. விதைகள் அம்மெல்லிய மண்ணுள் கிடக்க, காஸ் மீண்டும் வெறும் பாறையாகத் தோற்றமளிக்கிறது.