சும்மா போவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

தோழிகள் கூடித் திட்டமிட உதவும் செயலி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தபோது, அது எளிய கணக்கு என்றே நினைத்தேன். ஆறு பேர், ஆறு நாட்காட்டிகள். எல்லோருக்கும் ஒழிந்திருக்கும் பொது நேரத்தைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். 2007இல் தொடங்கிய டூடுல் முதல் இன்றைய வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வரை போடுவது இந்தக் கணக்கைத்தான்.

காஞ்சிபுரத்தில் என்னோடு படித்த ஐவரிடம் மாதிரியைக் காட்டினேன். மாமல்லபுரம் போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். 'வருவேன்', 'வர மாட்டேன்' என இரண்டு பொத்தான்கள். நான்கு பேர் அழுத்திவிட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிவீட்டில் வாழ்க்கைப்பட்டவள் மட்டும் போனில் கூப்பிட்டாள். "கேட்டுச் சொல்றேன்னு ஒரு பொத்தான் வைடி. எனக்கு அது ஒண்ணு போதும்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பதை நெருங்கும் பெண் யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பொத்தானை வைத்தால், அனுமதி கேட்பதை ஒரு வசதியாக நானே செய்து கொடுக்கிறேன். வைக்காவிட்டால், அவளைப் பொய் சொல்லவோ மௌனமாக இருக்கவோ தள்ளுகிறேன்.

அவள் நேரம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள். மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொருவர் உட்கார வேண்டும். தார் சுற்றித் தரவும் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அவள்தான். கூலி சேலைக்கு இவ்வளவு என்று வருகிறது; எத்தனை கைகள் உழைத்தன என்று யாரும் எண்ணுவதில்லை. அவள் எழுந்துபோனால் தறி நின்றுவிடும். இதற்கு மேல் சமையல். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம்.

ஆனாலும் அவள் வெளியே வராதவள் அல்லள். விடியற்காலையில் தெருவில் பாவை இழுத்துக் கட்டும்போது நிற்பாள். வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் போவாள். 2019இல் அத்தி வரதர் 48 நாள் காட்சி தந்தபோது கூட்டத்தில் மணிக்கணக்காக நின்றாள். வேலை, சாமி, கல்யாணம்: இந்த மூன்றுக்கும் யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. நான்காவதாகச் 'சும்மா' என்று சொன்னால்தான் வீடு நிமிர்ந்து பார்க்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணமில்லை. பெரிய விஷயம்தான். ஆனால் வாசற்படியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான தூரத்துக்கு இன்னும் இலவசச் சீட்டு வரவில்லை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் பேசுகிறது. பொதுவெளியில் நிற்கும் பெண் தன் கையில் ஒரு கண்ணியமான காரணத்தை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காரணமின்றித் திரிவதும் உரிமைதான் என்கிறார்கள் அவர்கள்.

சரி, செயலி என்ன செய்வது? பெரும்பான்மை விரும்பும் நாளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் விடுபடுவது அவளே. நேர்மையாகத் தெரியும் கணக்கு ஒரே ஆளை மீண்டும் மீண்டும் தோற்கடிக்கிறது. அப்படியென்றால் அவளுக்கு முடிகிற நேரத்திலிருந்தே தொடங்கலாமே என்றேன். அப்போது எல்லாத் திட்டமும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் முடியும். அவள் வீட்டின் கட்டுப்பாடு எங்கள் ஆறு பேருக்கும் சட்டமாகிவிடும்.

அவளே மறுத்தாள். "நீங்க கடலுக்குப் போங்கடி. என்னால நீங்களும் போகாம இருந்தா, அடுத்த தடவ என்னைக் கூப்பிடவே யோசிப்பீங்க. வரலன்னாலும் பரவாயில்ல. கூப்பிடுறத மட்டும் நிறுத்தாதீங்க."

எனக்குக் கிடைத்த மிகச் சரியான வடிவமைப்புக் குறிப்பு அதுதான். ஒரு பெண்ணுக்குப் பலமுறை முடியாமல் போகும்போது, அழைப்பே மெல்ல நின்றுவிடுகிறது. கல்யாணத்துக்குப் பின் நம் நட்புகள் பலவும் சண்டையில் முறிவதில்லை, இப்படித்தான் தேய்கின்றன.

எனவே 'பிறகு சொல்கிறேன்' என்றொரு பொத்தான் வைத்தேன். யாரைக் கேட்டு என்று அது சொல்லாது. யார் எதை அழுத்தினார்கள் என்பதும் மற்றவர்களுக்குத் தெரியாது. பல வீடுகளில் பெண்ணின் போன் எல்லோர் கையிலும் புழங்குவதால், அறிவிப்பு பூட்டிய திரையில் விவரத்தோடு வராது. நாள் குறிக்கும் முறை ஆளுக்கு ஒருமுறை சுற்றி வரும். எத்தனை தடவை வராதவளுக்கும் அடுத்த அழைப்பு கட்டாயம் போகும். 'எதற்காக?' என்று முதலில் வைத்திருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன்.

இது அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கித் தராது. அதை வீட்டோடு மல்லுக்கட்டித்தான் பெற வேண்டும். அந்தச் சண்டையை எந்தப் பொத்தானும் போட முடியாது. அவள் ஒருநாள் அதில் ஜெயித்து வாசலைத் தாண்டும்போது எதிரே தோழிகள் இருக்க வேண்டும். அதுவரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பது நம் பொறுப்பு.