எண்ணுக்கு இட்ட வேலி

பொருளுக்கும் அதன் வடிவத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது என்னும் வினா வேதாந்த விசாரத்தில் மாத்திரம் எழுவதன்று. மைக்ரோசாப்ட் ஆக்சஸ் போன்றதொரு தரவுத்தளத்தில் தொலைபேசி எண்ணைப் பதிய ஒரு புலம் அமைக்க முற்படுகிறவன் முன்னிலும் அது வந்து நிற்கிறது.

முதற்கண், தொலைபேசி எண் என்பது எண்ணே அன்று. அதை எவரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இலக்கங்களை உடுத்திக்கொண்ட நாமம் அது. கணிதத்தில் முன்னே நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. சென்னைக்குரிய 044 என்பதிலோ அந்தப் பூஜ்யமின்றி வெளியூரிலிருந்து அழைப்பு வந்து சேராது. புலத்தை எண் வகையாக வைத்தால் அந்தப் பூஜ்யம் சந்தடியின்றி மறைந்துபோகும் என்பதனாலேயே, விஷயம் அறிந்தவர்கள் எழுத்து வகையாக வைக்கிறார்கள்.

இனி, 'இன்புட் மாஸ்க்' எனப்படும் முகமூடி. அமெரிக்க எண்ணுக்கு (999) 000-0000 என்று இடுவது வழக்கம்: 0 நின்ற இடத்தில் இலக்கம் இருந்தே தீரவேண்டும், 9 நின்ற இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடைப்புக்குறியும் சிறுகோடும் வெறும் அலங்காரம். அவற்றையும் சேமிப்பதா, இலக்கங்களை மட்டும் சேமிப்பதா என்பதை அமைப்பவனே தீர்மானிக்கலாம். ஆனால் சில பதிவுகளில் சேமித்துச் சிலவற்றில் விட்டுவிட்டால், ஒரே எண் தேடுகிறவனுக்கு இரண்டாகி, ஒன்று அகப்பட மற்றொன்று ஒளிந்துகொள்ளும்.

செம்பருத்தியின் அருகே வைத்த ஸ்படிகம் சிவந்து தோன்றும்; அவ்வாறு தோன்றச் செய்யும் அந்த மலரை உபாதி என்பர் வேதாந்திகள். இந்தக் குறிகளும் அத்தகையனவே. அப்படியாயின் அவற்றை அறவே தள்ளிவிடலாமோ எனில், தள்ளலாகாது. முகமூடி இல்லாத புலத்தில் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் இடம் விடுவார், மற்றொருவர் ஓர் இலக்கத்தையே மறந்துவிடுவார். ஆசாரம் என்பதும் இதுவேதான்: கையை நெறிப்படுத்த வேண்டுவது, கருவூலத்தில் வைத்துப் பூட்ட வேண்டுவதன்று.

இதை மறந்தவனுக்கு நேரும் பிழை சிறிதன்று. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து 15 இலக்கங்கள் வரை சர்வதேச நியதி அனுமதிக்க, பத்து இலக்கத்துக்கென்று சமைத்த வேலி அயல்நாட்டு எண்ணை ஏற்க மறுத்துவிடுகிறது. விருந்தாளியின் பெயர் நம் நாவில் படியவில்லை என்பதற்காக, அவனுக்குப் பெயரே இல்லையென்று கதவை அடைப்பது எந்தத் தர்மத்தில் சேரும்?