அதட்டியவன்

அநியாயத்துக்கு ஆளாவதைவிட அநியாயம் செய்வதே பெரிய கேடு என்று பிளேட்டோவின் 'கார்ஜியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் வாதிடுகிறார். கல்லூரியில் இதைப் படித்தபோது, அடிபட்டவனைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை என்றே எனக்குப் பட்டது. இப்போது அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். காரணம் மேற்கொண்டு படித்ததல்ல. ஓர் ஐநூறு ரூபாய் நோட்டு.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு மாலை ரொக்கத்தைச் சரிபார்க்கையில் 500 ரூபாய் குறைந்தது. கட்டுகளை எடுத்துவைத்த கடைநிலை ஊழியர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதுவரை நான் 'அண்ணே' என்று கூப்பிட்டவர். எல்லோர் முன்னிலையிலும் அவரை 'நீ' என்று ஏகவசனத்தில் அதட்டினேன். அவர் பதில் பேசவில்லை. அரைமணி கழித்து, நோட்டு என் இழுப்பறையின் பின்பக்கம் சிக்கியிருந்தது தெரிந்தது. எடுத்துச் சேர்த்தேன். கணக்கு நேரானது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். குற்ற உணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது வேறு. மறுநாளிலிருந்து அவருடைய தவறுகள் என் கண்ணில் பட ஆரம்பித்தன. தாமதமாக வருகிறார், வவுச்சர்களை வரிசை மாற்றித் தைக்கிறார், டீ குடிக்கப் போனால் திரும்ப நேரமாகிறது. எல்லாம் உண்மை, எல்லாம் முன்பும் இருந்தவை. என் அதட்டல் நியாயமாக வேண்டுமானால் அவர் அதட்டத் தக்கவராக இருந்தாக வேண்டும். அதற்கான சாட்சியங்களை என் கண், என்னைக் கேட்காமலே, சேகரித்துக்கொண்டிருந்தது. அவர்மேல் எனக்கு வன்மம் இருந்து அதட்டவில்லை; அதட்டியதால் வன்மம் வந்தது.

பேச்சும் கெட்டது. 'அண்ணே' வாயில் வரவில்லை. 'நீ' என்று தொடரவும் துணிவில்லை. 'இந்த ஃபைல் மேலே போகணும்', 'கதவைப் பூட்டிடலாம்' என்று விளியில்லாத வாக்கியங்களாகப் பேசினேன். அறையைப் பார்த்துப் பேசுகிறவன் மாதிரி.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது ஆபீஸ் சமாச்சாரம் மட்டுமல்ல. ஒரு கவிஞரை ஒரே வரியில் தூக்கியெறிந்தபின் அவருடைய அடுத்த தொகுப்பை அந்த வரியை நிரூபிக்கவே நான் படித்திருக்கிறேன். பார்வை என்று நாம் பெருமையாகச் சொல்வது, முன்பே கொடுத்துவிட்ட தீர்ப்புக்கு ஆள் சேர்ப்பதாகவும் இருக்கலாம்.

கோகோலின் 'மேல்கோட்டு' (1842) கதையில், நகலெடுக்கும் குமாஸ்தா அகாகியை அதட்டுகிற உயர் அதிகாரி இயல்பில் கெட்டவரல்ல. பதவி வருவதற்கு ஒரு வாரம் முன்பு தன் அறையில் கண்ணாடி முன் நின்று அதட்டிப் பழகியவர். பின்னால் ஆளனுப்பி விசாரிக்கிறார், அகாகி இறந்தாயிற்று. ஆவி வந்து அவருடைய கோட்டைப் பறித்தபின், அதட்டினாலும் முதலில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அதட்டுகிறார். திருத்தம் அவ்வளவுதான். அதற்கு ஓர் உயிர் செலவாகியிருக்கிறது. சாக்ரடீஸிடம் என் பிணக்கும் இதுதான். அதட்டியவனின் ஆன்ம நஷ்டத்தைப் பேசப் பேச, அதட்டப்பட்டவன் அவனுடைய பாடத்துக்கு வெறும் உபகரணமாகிவிடுகிறான். இந்தக் கட்டுரையும் அந்தத் தவறுக்கு வெளியே இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரிடம் சொன்னேன், நோட்டு என் இழுப்பறையில்தான் இருந்தது என்று. தைப்பதை நிறுத்தாமலே அவர் சொன்னார்: 'அன்னிக்கே தெரியும் சார். கேஷ் டேலி ஆயிருச்சே.'

அந்த மூன்று வாரமும் நான்தான் அவரைக் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.