தேய்வின் அறம்

அறவியல் வினாக்கள் எப்போதும் அறவியலின் உருவிலே நம்மிடம் வருவதில்லை. கண்டியை அடுத்த ஒரு விளையாட்டு மைதானத்தில், ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டி இயந்திரமொன்றின் முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கியமையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அம்மைதானத்தைப் பராமரிக்கும் குழுவில் அப்போது யானும் ஓர் உறுப்பினன். சக்கரத்தைக் கழற்றியபோது அச்சைச் சூழ்ந்திருந்த புஷ், வட்ட வடிவிழந்து முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது. அதே போன்ற புதிய புஷ் இடுவதா, அன்றிப் பந்துத் தாங்கி, அதாவது பேச்சுவழக்கில் நாம் கூறும் ‘போல் பெயரிங்’, பொருத்துவதா என்பதே குழுவின் முன்னிருந்த பிரச்சினை. ஐந்து நிமிடத்தில் முடியுமென எண்ணிய விடயம் இரண்டு கூட்டங்களை விழுங்கிற்று.

புஷ் என்பது சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் இடையே செருகப்படும் ஒரு குழல். வெண்கலத்தாலோ, தூளாக்கி அழுத்திச் சுட்ட உலோகத்தாலோ, மலிவான இயந்திரங்களிற் பிளாஸ்டிக்காலோ அது செய்யப்படும். அச்சைவிட மென்மையாயிருத்தல் அதன் குறைபாடன்று, திட்டமிட்ட ஏற்பாடே. உராய்வு தவிர்க்க முடியாததெனின், தேய்வது விலை குறைந்த பொருளாக இருக்கட்டும் என்பதே அதன் தத்துவம். வள்ளுவர் உருளும் தேரின் அச்சாணியை உவமையாக்கினார். மயிற்பீலியின் மிகுதியால் முறியும் அச்சையும் உவமையாக்கினார். இவற்றின் அருகே வாய்திறவாது தேயும் பொருளை ஏனோ அவர் பாடவில்லை.

பந்துத் தாங்கியோ உரசலை உருளலாக மாற்றுவது. 1794இல் வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வோகன் என்பார் வண்டியச்சுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் சுவீடனின் ஸ்வென் விங்குவிஸ்ட், அச்சுச் சற்றுச் சாய்ந்தாலும் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும் தாங்கியை ஆக்கினார். இன்றைய உலகம் இக்கடின உருக்குக் குண்டுகளின் மீதே சுழல்கின்றதெனலாம். ஆயினும் நமது புல்வெட்டி மணிக்கு 6 கிலோமீற்றர் ஊர்கையில், 38 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அதன் முன்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 84 முறையே சுழலும். இவ்வளவு மந்தமான சுழற்சிக்குப் புஷ்ஷே போதுமென எந்தப் பொறியியலாளரும் கூறுவார். தூய்மையான தரையில் அது உண்மை. கண்டியின் மழையும் செம்மண்ணும் நனைந்த புற்றூளும் கிரீஸுடன் கலந்து அரத்தூளாக மாறுமிடத்தில் அவ்வுண்மை நெடுநாள் நிலைப்பதில்லை.

எமது குழுவில் ஒருவர், இது உற்பத்தியாளனின் வஞ்சனை என்றார். சிறு தொகையைத் தான் மிச்சப்படுத்தி, பெருந்தொகையை வாங்குவோன் தலையிற் சுமத்தியிருக்கிறான் என்பது அவர் வாதம். 1924இல் மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிக் குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்திய வரலாற்றையும் எடுத்துக்காட்டினார். இவ்வொப்புமை எனக்கு முற்றும் உடன்பாடன்று. குமிழின் ஆயுட்குறைப்பு வாங்குவோனுக்கு மறைக்கப்பட்டது. புஷ்ஷோ தேயும் பொருளென்றே தன்னைக் காட்டிக்கொள்வது, கழற்றி மாற்றத்தக்கது. மலிவு வேறு, வஞ்சனை வேறு.

மற்றொருவரின் வாதம் வலியது. புஷ்ஷை நகரின் எந்தக் கடைசல் பட்டறையிலும் ஒரு மணித்தியாலத்திற் கடைந்து தருவர். பந்துத் தாங்கியை இந்நாட்டுப் பட்டறை எதுவும் ஆக்கித் தராது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் நம் இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்தவர் கடைசற்காரரே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் இடைநிறுத்தப்பட்ட பின்னரும் நிலைமை அதுவே. நம் கையால் ஆக்கவும் திருத்தவும் இயலாத ஒன்றை நம் வாழ்வின் அச்சிற் பொருத்துதல் அடிமைத்தனமன்றோ என அவர் வினவினார். நானும் அதன்பாற் சாய்ந்தேன். ஆயின் வீடு திரும்பும் வழியில் ஓர் ஐயம் எழுந்தது. கடைசற்காரர் கடையும் வெண்கலக் கோல் எங்கிருந்து வருகிறது? அவருடைய கடைசல் இயந்திரமே எத்தனை தாங்கிகளின் மீது சுழல்கிறது? நாம் போற்றிய சுதந்திரம் ஒரு படி தள்ளி வைக்கப்பட்ட சார்பேயன்றி வேறில்லை. எனினும் ஒரு படி தள்ளிவைத்தலும் பஞ்ச காலத்திற் பெறுமதியுடையதே என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாம் கூட்டத்தில் யானே ஒரு வாதம் முன்வைத்தேன். இப்போது அதனை எண்ண நாணுகிறேன். புஷ் இடையறாத கவனிப்பை வேண்டுவது. வாரந்தோறும் கிரீஸ் இட்டு, ஆட்டம் பார்த்து, வளையம் சேர்க்க வேண்டும். நற்குணம் என்பது பழக்கத்தால் அமைவதென அரிஸ்டோட்டில் கருதினார் அல்லவா? எனவே பேணுதலை வேண்டும் பொருள் மனிதனைப் பேணுவோனாக ஆக்குகிறது. பேணுதலே வேண்டாத பொருள் அவனைச் சோம்பனாக்குகிறது என்றேன். கூட்டத்திற் சிலர் தலையசைத்தனர்.

அதுவரை வாயிலருகே நின்றிருந்த இயந்திரச் சாரதியை அப்போதுதான் ஒருவர் அழைத்து வினவினார். அவர் சொன்னது இவ்வளவே: “புது புஷ் போட்டா அஞ்சாறு மாசம் நல்லாத்தான் இருக்கும் சேர். பிறகு அந்த ஆட்டத்தை நான்தான் கையால பிடிச்சுக்கிட்டு ஓட்டணும்.” தம் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோளும் மணிக்கட்டும் இரவில் வலிப்பதாகவும், கிரீஸ் இடுதல் தமது வேலைநேரம் முடிந்த பின்னரே நடைபெறுவதாகவும் வினவியபின் கூறினார்.

புஷ் ஒரே நாளிற் பழுதாவதில்லை. நாளும் ஒரு நூலளவு தேய்கிறது. எந்த நாளிலும் ‘இன்று கெட்டுவிட்டது’ என எவரும் கூற இயலாது. அவ்விடைக்காலத்தின் அதிர்வு எங்கோ சென்று சேரவேண்டும். அச்சுத் தேயாதிருக்கப் புஷ் தேய்ந்தது. புஷ் தேய்ந்த பின், குழு கூடித் தீர்மானிக்கும் வரை, தேய்ந்தது அம்மனிதரின் தோள். எமது கணக்கில் அச்சின் விலையும் புஷ்ஷின் விலையும் தாங்கியின் விலையும் இருந்தன. தோள் அதில் இடம்பெறவில்லை. நான் புகழ்ந்த பேணுதல் என்னும் நற்குணத்தைப் பயிலவேண்டியவரும் நானல்லேன். பிறருடைய ஓய்வுநேரத்திற் பயிலப்படும் நற்குணத்தை எனதென்று எண்ணியிருந்தேன்.

மென்மையான உலோகத்தைக் கடினமான உலோகத்துக்காகத் தேயவிடுதல் அறிவுடைமை. மனிதரை அவ்வாறு இடையிற் செருகுதல் வேறு. தேயிலைப் பொருளாதாரத்தின் அச்சைக் காத்தவர்களை 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் மூலம் நாடற்றவராக்கிய ஒரு மலைநாட்டில், இவ்வேறுபாட்டை விரித்துரைக்கத் தேவையில்லை.

பந்துத் தாங்கி குற்றமற்றதென யான் கூறவில்லை. அதன் காப்புறையினூடே நீர் புகுந்தால் குண்டுகள் துருவேறி இறுகும்; இறுகினால் உள்வளையம் அச்சின் மீதே சுழன்று, புஷ் காத்து வந்த அச்சை அரித்துவிடும். ஆனால் அது கெடும்போது உறுமும். மைதானத்தின் மறுகோடியில் நிற்போர்க்கும் கேட்கும். பழுது தன்னைத்தானே முறையிடும் பொருளுக்கும், தன் பழுதைப் பிறர் உடலினுள் மறைத்துவிடும் பொருளுக்கும் இடையே தெரிவு செய்ய நேரின், முன்னதே நேர்மையானதென இன்று எண்ணுகிறேன். இதனை ஏற்காத நண்பர் இன்றும் உளர். மூன்று மாதத்துக்கொருமுறை புஷ் மாற்றுவதாக எழுத்தில் உறுதியளித்திருந்தால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. போதும்தான், எழுத்தில் அளித்த உறுதிகளை நம் குழுக்கள் காப்பாற்றியிருந்தால்.

முடிவில், காப்புறையிட்ட நான்கு தாங்கிகள் கொழும்பிலிருந்து வருவிக்கப்பட்டன. குடத்தின் துவாரம் அவற்றுக்குச் சற்றே பெரிதாயிருந்தமையால், இடைவளையங்களை நகரின் கடைசற்காரர் ஒருவரே கடைந்து தந்தார். பழைய புஷ்ஷின் அளவுகளையும் ஒரு தாளிற் குறித்து வைக்குமாறு அவர் சொன்னார். மீண்டும் தேவைப்படலாம் என்றார். அத்தாள் சாரதியின் கருவிப்பெட்டியில் இருக்கிறது.