சம்பந்தம் பேசுகையில் மறைக்கலாமா?

நம்மவர்கள் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் விசாரிக்காத விஷயம் இல்லை. பையன் தொழுகையாளியா, கடை சொந்தமா பங்கா, பங்கென்றால் எத்தனை பேர், ஊரில் வீடு யார் பெயரில் இருக்கிறது, கடன் உண்டா என்று நாலு பேரிடம் கேட்பார்கள். அதன் பிறகும் திருப்திப்படாமல் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். ஆனால், இரு வீட்டாரின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம் என்று எண்ணுகிறார்கள். கேட்காததைச் சொல்வானேன் என்று மற்றவரும் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அவ்வாறு வாய்மூடி இருப்பது நியாயந்தானா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

வியாபாரிகளுக்கு இக்கேள்வி புதிதன்று. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு யாவரும் அறிந்ததே. வாங்குகிறவர் கேட்கவில்லையே என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. அரிசி மூட்டைக்கு உள்ள நியதி, ஆயுள் முழுவதும் நீடிக்கும் சம்பந்தத்துக்கு இல்லையா? இப்படிக் கேட்டவுடனேயே வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மனிதன் சரக்கு அல்லன். சரக்கில் குறை இருந்தால் விலையைக் குறைத்து விற்றுவிடலாம். ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி விலை குறைக்க முடியுமா? "குறை" என்ற சொல்லே இவ்விடத்தில் பொருந்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அந்த வியாதிகள் எத்தகையவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாடுகளில் அதிகம் காணப்படுவது தலசீமியா. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள்தான் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அதில் ஒரு பாகத்தைத் தயாரிப்பதற்கான குறிப்பு, தகப்பனாரிடமிருந்து ஒன்றும் தாயாரிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் ஒவ்வொருவருக்கும் வந்து சேருகின்றன. ஒரு பிரதி பழுதானாலும் மற்றொன்று வேலையை நடத்திவிடும். அப்படிப்பட்டவரைத் தலசீமியாவைச் சுமப்பவர் என்கிறார்கள். அவர் நோயாளி அல்லர். கடை நடத்துவார், மூட்டை தூக்குவார், எண்பது வயது வரை வாழ்வார். இரத்தம் சற்றுக் குறைவென்று டாக்டர் சொல்லக் கேட்டு, வருஷக்கணக்கில் வேண்டாத இரும்புச் சத்து மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பவரும் இவர்களில் உண்டு. சிங்கப்பூரில் நூற்றுக்குச் சுமார் 3 பேர் இவ்விதம் சுமக்கிறவர்கள்.

சுமப்பவரும் சுமப்பவரும் மணந்துகொள்ளும்போதுதான் ஆபத்து. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பழுதான பிரதிகள் இரண்டுமே வந்து சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதைச் சிலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். முதற்பிள்ளை நோயாளியாகப் பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அப்படியன்று. ஒவ்வொரு கர்ப்பமும் புதுப் பேரேடு; பழைய பாக்கி அதில் ஏறாது, பழைய வரவும் ஏறாது.

அந்தப் பிள்ளை பிறக்கும்போது மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். சில மாதங்கள் சென்றதும் வெளிறிப்போகும், பால் குடிக்காது, எடை ஏறாது, மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். பிறகு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும். ஏற்றிய இரத்தத்தோடு வருகிற இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். அதை வெளியேற்ற முன்பெல்லாம் தோலின் கீழ் ஊசி செருகி, சிறு பம்பு ஒன்றை இணைத்து, இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் மருந்து செலுத்தினார்கள். வாரத்தில் ஐந்தாறு இரவுகள் அந்தப் பிள்ளை அப்படியே தூங்கவேண்டும். இப்பொழுது வாய்வழி மாத்திரைகள் வந்துவிட்டன. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மச்சை மாற்றிக் குணப்படுத்தவும் முடிகிறது. என்றாலும் பெற்றோருக்கு அது சாமான்யமான பாரமன்று. இந்தப் பாரத்தை ஒருவர் தலையில் அவருக்குத் தெரியாமல் ஏற்றலாமா என்பதுதான் கேள்வியின் சாரம்.

இவ்வகை வியாதிகள் இப்படித்தான் வருகின்றன என்பதற்கு முதற்குறிப்புக் கொடுத்தவர் லண்டன் வைத்தியர் ஆர்ச்சிபால்டு கேரட். சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும் ஒரு விசித்திர நோயை அவர் ஆராய்ந்தார். அந்நோயாளிகளின் தாய் தந்தையர் நல்ல சுகத்தோடு இருந்தார்கள். ஆனால் அவர்களில் பல தம்பதிகள் ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள். இதை அவர் 1902-இல் எழுதி வெளியிட்டார். உடலுக்குள் நடக்கும் இரசாயன மாற்றத்தில் பிறவியிலேயே ஏற்படும் பிழை என்று 1908-இல் இவ்வகை நோய்களுக்கு ஒரு பொதுப்பெயரும் இட்டார்.

ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் என்றவுடன் நமக்குச் சொந்த வீட்டு ஞாபகம் வருவது இயல்பே. மாமன் மகள், மாமி மகள், சாச்சா மகள் என்று பெண் எடுப்பது நம்மிடையே உண்டு. சொத்தும் கடையும் கைமாறாமல் இருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம்; பழகிய வீட்டில் பெண் கண்கலங்காது என்பது அதைவிட நல்ல காரணம். பழுதான பிரதி ஒன்று பாட்டனாரிடம் இருந்திருந்தால், அது பேரப்பிள்ளைகள் இருவரிடமும் வந்திருக்கக்கூடும். இங்கிலாந்தில் பாகிஸ்தானியர் பெருந்தொகையாக வாழும் பிராட்ஃபோர்டு நகரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறவிக் கோளாறு பொதுவாக நூற்றுக்கு 3 பிள்ளைகளுக்கு என்றால், நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 6 என்று கண்டார்கள். இரட்டிப்பாகிவிட்டதே என்று பயப்படுகிறவர்கள், மீதி 94 பிள்ளைகளுக்கு அக்கோளாறு இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மார்க்கம் அனுமதித்த ஒன்றை இக்கணக்கை வைத்துக்கொண்டு பழிப்பது சரியன்று. பரிசோதித்துவிட்டு மணப்பது சரி.

அந்நியத்தில் மணந்தவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்துவிடலாம் என்றும் இல்லை. மலாய்க்காரர்களிடையே ஹீமோகுளோபின் ஈ என்னும் மாறுபாடு பரவலாக உண்டு. அது தனியே இருந்தால் துன்பம் தருவதில்லை. பீட்டா வகைத் தலசீமியாவைச் சுமக்கும் நம் பிள்ளை, ஈ-யைச் சுமக்கும் மலாய்ப் பிள்ளையை மணந்தால், அவர்களின் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரலாம். இரு நாட்டிலும் கலப்பு மணம் சகஜமாகிவிட்ட இக்காலத்தில் இதை நினைவில் கொள்வது அவசியம்.

இனி, பழி யாருக்கு என்பதைப் பார்ப்போம். பிள்ளை நோயோடு பிறந்தால், "நம் வம்சத்தில் இப்படிக் கிடையாது, இவள் கொண்டுவந்தது" என்று மருமகளை நோக்கி விரல் நீளுகிறது. தலசீமியாவில் இது பச்சைப் பொய். பாதி தகப்பன் கொடுத்தது. அவன் கொடுக்காவிட்டால் நோயே இல்லை. வம்சத்தில் கண்டதில்லை என்பதும் சாட்சியாகாது, ஏனெனில் பழுதான பிரதி ஐந்தாறு தலைமுறை சத்தமின்றிக் கடந்து வரக்கூடியது. தம் மனைவி கறுப்பான பிள்ளை பெற்றாள் என்று சந்தேகத்தோடு வந்த ஒரு நாட்டுப்புறத்து அரபியிடம், அவருடைய ஒட்டகங்களின் நிறம் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததாக ஹதீஸில் காண்கிறோம். சிவப்பு ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிறத்துக் குட்டி எப்படி வந்ததோ, அப்படியே முன்னோர்வழி ஏதோ ஒரு வேர் அப்பிள்ளையையும் இழுத்திருக்கலாம் என்று உணர்த்தி அவரை அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் மீது பழி சுமத்த வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த பதில் அது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சிந்திக்க வேண்டும்.

தாய்வழியே ஆண்பிள்ளைக்கு வருவதும் ஒன்று உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். ஜி-6-பி-டி என்ற என்சைம் சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கிறது. அது குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைக் கெடுத்துவிடக் கூடும். ஆகையால் சிங்கப்பூரில் 1965 முதற்கொண்டு, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தையும் இதற்காகப் பரிசோதிக்கிறார்கள். இதற்குத் தினசரி மருந்து தேவையில்லை. சிலவற்றை விலக்கினால் போதும். ஜவுளிக்கடைக்காரர்கள் நன்கறிந்த பாச்சை உருண்டை அவற்றில் ஒன்று. நாப்தலீனால் செய்த அந்த உருண்டையோடு பெட்டியில் பூட்டி வைத்திருந்த துணியைக் காற்றில்கூட உலர்த்தாமல் எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தினால், சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயத்தைப் போல இறங்கும். உம்ராவுக்குச் செல்கிறவர்கள் காலைச் சாப்பாட்டில் காணும் "ஃபூல்" என்னும் பெரிய மொச்சையும் இவர்களுக்கு ஆகாது. மலேரியா மருந்துகளில் சிலவும் ஆகா. மருமகள் கொடுத்தது என்று இதில் பேச வருகிற மாமியார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவருடைய சொந்த மகனுக்கு இது இருந்தால், கொடுத்தவர் அந்த மாமியாரேதான்.

இன்னொன்று. மலேரியா பரவிய தேசங்களில் இவ்விரண்டையும் சுமந்தவர்கள் அக்காய்ச்சலில் இறந்துபோகாமல் தப்பியதால்தான் இவை இவ்வளவு பெருகின என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. நம் முன்னோரில் சிலர் உயிர் பிழைத்ததே இதனால் இருக்கலாம். இதைக் குறை என்று கூசி மறைக்க ஒன்றுமில்லை.

குறை இல்லையென்றால் சொல்வானேன் என்று கேட்கலாம். மற்றவர் முடிவெடுக்க அது தேவைப்படுவதால்தான். அரிசியில் ஈரத்தைச் சொல்வது விலைக்காக. இங்கே சொல்வது, இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் விடை தெரியாது என்பதற்காக. ஒருவர் சுமப்பவராக இருந்து மற்றவர் சுமக்காதவராக இருந்தால், பிள்ளைக்கு அந்நோய் வருவதில்லை. சம்பந்தத்தைத் தாராளமாக முடிக்கலாம். (நீரிழிவும் ஓரளவு பரம்பரையாக வருவதுதான். அதற்காக எந்தச் சம்பந்தமாவது நின்றதுண்டா? இரு சம்பந்திகளும் சேர்ந்து உட்கார்ந்து அல்வா சாப்பிடுகிறார்கள்!)

எல்லாம் இறைவன் விதித்தபடி நடக்கும், சோதித்துப் பார்ப்பது ஈமானுக்கு இழுக்கு என்பாரும் உளர். அவர்களும் இரவில் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல், நிகாஹ் பதிவுக்கு முன் இவ்விரத்தப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தாலும் மணந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவர்களுக்கே விட்டிருக்கிறார்கள்.

ஆனால் சொல்வதிலுள்ள உண்மையான சங்கடம் வேறு. சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு இலாபம் என்ற நிலையில் ஊர் இருக்கிறது. ஒரு பெண் சுமப்பவள் என்று வெளியே தெரிந்தால், அவள் தங்கைகளுக்கும் வரன் வராது என்று தாய் அஞ்சுகிறாள். அந்த அச்சம் வீண் அச்சமன்று. ஆகவே உண்மை சொல்லும் கடமையைப் பெண் வீட்டார் தலையில் மட்டும் போடுவது அநீதி. நம் வழக்கத்தில் கை ஓங்கியிருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்கு. பையனின் பரிசோதனைத் தாளை முதலில் எடுத்து வைக்க வேண்டியவர்களும் அவர்களே. கேட்டுக்கொண்டவருக்கும் ஒரு கடமை உண்டு. சம்பந்தம் முடியாமற் போனாலும் கேட்டது அமானிதம். அதைக் கடை வாசலில் விரித்துப் பேசுகிறவர், மறைத்தவரைவிட அதிகத் தீமை செய்கிறார். ஒருவர் மறைத்தால் ஒரு குடும்பத்துக்குக் கேடு. ஒருவர் தூற்றினால் இனிமேல் யாரும் வாய்திறக்க மாட்டார்கள்.

இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தால் என்ன செய்வது? விலகிக்கொள்ளலாம், அறிந்தே மணக்கலாம். மணந்தபின் உள்ள வழிகளை டாக்டரிடமும் ஆலிமிடமும் அத்தம்பதிகள்தாம் கேட்டு முடிவு செய்யவேண்டும். அதில் சம்பந்திகளுக்கு வேலையில்லை.

பரிசோதனைக்குக் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தால் போதும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும் மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையத்திலும் டாக்டரைக் கேட்கலாம். நாள் குறித்து, உறவினருக்குச் சொல்லியனுப்பிய பிறகு செய்வதில் பலனில்லை. அப்போது நின்றுபோனால் பேர் கெடுவது பெண்ணுக்கு. பேச்சு தொடங்குமுன்பே இரு பக்கமும் செய்துகொள்ள வேண்டும். மலேசியாவில் 2016 முதல் பள்ளியில் நான்காம் படிவ மாணவர்களுக்கு, பெற்றோர் சம்மதத்துடன், தலசீமியாப் பரிசோதனை நடக்கிறது. பிள்ளை கொண்டுவரும் சம்மதத் தாளில் வாப்பா கையெழுத்திட்டு அனுப்பலாம். திரும்பி வரும் முடிவைப் பழைய பாடப் புத்தகங்களோடு போட்டுவிடாமல், பிறப்புப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்தால், ஏழெட்டு வருஷம் கழித்துத் தேட வேண்டியதில்லை.