கொடுமையும் கண்ணோட்டமும்

ஒரு சமுதாயம் தான் வெறுக்கும் குணங்களுக்கு இட்டு வழங்கிய பெயர்களை ஆராய்ந்தால், அக்குணங்களின் வேரை அது எங்கே கண்டது என்பது விளங்கும். பழைய ரோமாபுரியின் மொழியாகிய இலத்தீனில் மூர்க்கத்தையும் கொடுமையையும் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றை நம் தமிழ்ச் சொற்களோடும், ஜினதருமம் காட்டும் நெறியோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வெறும் மொழியாராய்ச்சி அன்று. நாம் எவரைக் கொடியவர் என்று கூறுகிறோம், எவரை அப்பெயரினின்றும் விடுவித்து விடுகிறோம் என்னும் அறவினா அதனுள் அடங்கியுள்ளது.

இலத்தீனில் ‘ஃபெருஸ்’ என்றால் பழக்கப்படாதது, காட்டுக்குரியது என்று பொருள். அதிலிருந்து ‘ஃபெரோக்ஸ்’ என்னும் சொல் பிறந்தது. இதன் ஈற்றில் கண்ணைக் குறிக்கும் பழைய வேர் ஒன்று உண்டென்றும், ‘காட்டுப் பார்வை உடையவன்’ என்பதே முதற்பொருள் என்றும் மொழிநூலார் கூறுவர். இச்சொல் எப்போதும் இழிவைக் குறித்ததில்லை. அஞ்சாத வீரனையும் ரோமர் அவ்வாறே அழைத்தனர். நம் ‘மறம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. வீரமும் மறம், பாவமும் மறம். ‘ஸாய்வுஸ்’ என்பது பொங்கி எழும் சீற்றம். கடலுக்கும் காற்றுக்கும் போருக்கும் அது பொருந்தும். ‘க்ரூதேலிஸ்’ என்பதே கொடுமைக்கு உரிய சொல். பச்சையானது, வேகாதது எனப் பொருள்படும் ‘க்ரூதுஸ்’ என்பதும், புண்ணிலிருந்து வழியும் குருதியைக் குறிக்கும் ‘க்ருவோர்’ என்பதும் அதன் உறவுச் சொற்கள். வடமொழியில் பச்சை ஊனைக் குறிக்கும் ‘கிரவ்யம்’ என்பதும், நாம் வழங்கும் ‘குரூரம்’ என்பதும் அதே குலத்தைச் சேர்ந்தவை. ரோமரும் வடநூலாரும் கொடுமையின் அடையாளத்தைக் குருதியிலே கண்டனர் என்பது இதனால் பெறப்படும்.

தமிழர் வேறோரிடத்தில் கண்டனர். ‘கொடு’ என்பது வளைவைக் குறிக்கும் அடிச்சொல். வளைந்த மரமாகிய வில் கொடுமரம் எனப்பட்டது. செந்தமிழினின்று திரிந்த வழக்கு கொடுந்தமிழ் எனப்பட்டது. அத்தமிழ் எவரையும் வருத்தியதில்லை. ஆகவே கொடுமை என்பது முதற்கண் நேர்மையினின்றும் வளைதலே. மற்றொரு சொல் வன்கண்மை. இதுவும் கண்ணைப் பற்றியது. கண் இறுகிப் போவது வன்கண். பிறர்பால் கண் ஓடி நெகிழ்வது கண்ணோட்டம். திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பது காண்க. கோல் வளைவதில் தொடங்கிய ஆராய்ச்சி கண் நெகிழ்வதில் வந்து முடிகிறது. கொடுமைக்கு மருந்து கண்ணோட்டம் என்பதே அவ்வைப்பு முறை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அரக்கோணத்திலிருந்து மேற்கே இருப்புப் பாதை செல்லும் வழியில் வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் வளர்ந்த ஊர்கள் உள்ளன. இங்கே பதனிடாத தோலைப் ‘பச்சைத்தோல்’ என்பர். அடக்கமற்ற கொடுமையை நாம் ‘பச்சைப் படுகொலை’ என்று கூறும்போது, இலத்தீன் மொழியினர் எண்ணியவாறே எண்ணுகிறோம். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும், பிற்காலத்தில் குரோமிய உப்பும் பச்சைத்தோலை மெத்தென்று ஆக்கின. மென்மையானபின், அது ஓர் உயிரின் மேனியாக இருந்தது என்னும் நினைவே கண்டவர்க்கு எழுவதில்லை. கொடுமையும் அவ்வாறே பதமாகிவிடக் கூடுமோ? குருதியும் சீற்றமும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொடுமை இல்லை என்று கொள்ளலாமோ? இதுவே நம் முன் உள்ள வினா.

ரோமானியத் தத்துவ ஞானி செனெகா இவ்வினாவின் ஒரு பகுதியை ஆராய்ந்துள்ளார். தம் மாணவனாகிய மன்னன் நீரோவுக்கு இரக்கத்தைப் பற்றி அவர் ஒரு நூல் இயற்றினார். தண்டிக்கக் காரணம் இருந்தும் அளவு கடந்து தண்டிப்பது கொடுமை. காரணமே இன்றிப் பிறர் துன்பத்தில் இன்பம் காண்பது கொடுமையும் அன்று, அது விலங்குத்தனம், ஒருவகைப் பித்து என அவர் பிரித்துக் காட்டினார். நுட்பமான பகுப்பே. எனினும் அந்நூலைப் பெற்ற நீரோவே கி.பி. 65இல் ஆசிரியரைத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளுமாறு ஆணையிட்டான்.

செனெகாவின் பகுப்பில் இரண்டு குறைகள் உள. முதலாவது, தீமைக்கு விலங்கின் பெயரை இடுவது. குணபத்திரரின் உத்தரபுராணத்தில் பகவான் மகாவீரரின் முற்பிறவி ஒன்று சிங்கமாகக் கூறப்படுகிறது. இரையைப் பற்றியிருந்த அச்சிங்கம் சாரண முனிவர் இருவரின் அறவுரையைக் கேட்டு, கொலையைத் துறந்து, விரதம் பூண்டு உயிர் நீத்தது. சிங்கமும் விரதம் ஏற்க வல்லது என்றால், மனிதன் செய்யும் தீமையை மிருகத்தனம் என்று பெயரிட்டு விலக்கி வைப்பது நீதியாகுமா? அது மிருகத்துக்குப் பழி. மனிதனுக்குத் தப்பும் வழி.

இரண்டாவது குறை, அமைதியான தீமைக்கு அப்பகுப்பில் இடமின்மை. நம் ஆகமம் ரௌத்திர தியானத்தை நான்காக வகுக்கிறது: கொலையில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல், பொருளைக் காத்து வைப்பதில் மகிழ்தல். ரௌத்திரம் என்றாலே சீற்றம். முதல் மூன்றையும் எவரும் ஒப்புவர். நான்காவது? கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்து, எவரிடத்தும் ஒரு கடுஞ்சொல் கூறாது, தன் உடைமை குறையலாகாது என்று ஓயாது எண்ணியிருப்பவனையும் ஆசாரியர்கள் சீற்றமுடையோர் வரிசையில் நிறுத்தினர். யசோதர காவியமும் இதனையே வேறு வகையில் உணர்த்தும். தாயின் சொற்கேட்டு மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியே. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் பல பிறவிகள் உழன்றனர். குருதியை அடையாளமாகக் கொண்ட சொல் இங்கே பயன்படாது.

இன்னும் ஒருபடி மேலே சென்று, உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் ‘பிரமாதம்’ என்னும் சொல்லை முன்வைத்தார். விழிப்பின்மை, அசட்டை என்பது அதன் பொருள். சீற்றம் இன்றியும், இன்பம் இன்றியும், அசட்டையினால் மட்டுமே உயிர் வருந்துமாயின் அதுவும் இம்சையே.

நம் பகுதியின் அண்மை வரலாறு இதற்குச் சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்ததென வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காத்தல் வேண்டும். மாசு செய்தவரே அதற்கு ஈடு தரல் வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. எனினும் 2015 சனவரி இறுதியில், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து வீழ, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். இங்கே வாள் ஏந்தியவர் எவரும் இல்லை. சினந்தவரும் இல்லை. ஆயினும் பத்து உயிர்கள் போயின.

‘இல்லறத்தார்க்குத் தொழில் வழி நேரும் இம்சை மன்னிக்கப்பட்டதன்றோ?’ எனச் சிலர் வினவலாம். தொழிலாலும் இல்வாழ்வாலும் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றிலும் தவிர்த்தல் இயலாது என்பதை ஆசாரியர் உணர்ந்தே விதி செய்தனர். ஆனால் அவ்விலக்கு தவிர்க்க இயலாததற்கு மட்டுமே. தவிர்க்கக் கூடியதைச் செலவு கருதித் தவிர்க்காமல் விடுவதற்கு அன்று. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் இறுதியானது, உடற்கழிவையும் உயிரற்ற இடம் நோக்கி ஆராய்ந்து இடுதல். ஒருவர் தம் மேனியின் சிறு கழிவுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், ஓர் ஊரின் ஆற்றில் விடப்படும் கழிவுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டும் ஏழைத் தொழிலாளியைக் கொடியவன் என்பது எளிது. அது அறம் அன்று. கொடுமை அக்கையில் இல்லை. அத்தொழிலாளியின் கையையும் காலையும் மூச்சையும் காணாத முதலாளியின் கண்ணிலும், செருப்பின் விலையை மட்டும் கேட்டு வாங்கும் நம் கண்ணிலும் அது உறைகிறது. வட்டியைக் கணக்கிட்டுக் கடன்பட்டவன் முகத்தை நோக்காத கண்ணும் வன்கண்ணே. கொல்லாமை நோன்பை உண்கலத்தோடு நிறுத்திவிடாது, நம் பொருள் வரும் வழியிலும் போகும் வழியிலும் கண்ணைச் செலுத்திப் பார்ப்போமாக. கண் சென்ற இடத்திலேதான் அருள் செல்லும்.